மேசை விரிப்புப் பாட்டின் கடைசி வரி

இன்று காலை சோப்புத் தூள் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்ததும் அந்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே என் காது இரண்டும் சூடாகிவிட்டன. உன் நினைவுக் கூட்டம் முடிந்த நாளிலிருந்து எனக்கு இப்படித்தான் ஆகிறது. சோப்புத் தூளைப் பார்த்து வெட்கப்படுகிற பெண்பிள்ளை இந்த ஸ்ரீரங்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கெட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "போதும்டி, சிரிப்பை நிறுத்து" என்று உன்னிடம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை நீட்டினார். "யாரோட பேசிண்டிருக்க?"

"சோப்புப் பொடியோட."

"பதில் சொல்றதா?"

"சொல்லலை. அதான் கஷ்டமா இருக்கு."

அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். இவரிடம்கூட இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பார், ஒரு வாரம் விடமாட்டார். அதனால் உனக்கு எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் உன்னுடைய பாட்டு வகுப்பு. நீ போன பிறகு அது என் தலையில் விழுந்தது. இத்தனை நாளும் ரிவிஷன், டெஸ்ட், தலைவலி என்று ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பாட்டைத் தொடாமலே ஓட்டினேன். போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டு, "ஆண்டு விழா வருது, அந்த ஃப்ரெஞ்சுப் பாட்டு வேணும், நீங்கதான் பழக்கணும்" என்று சொல்லிவிட்டார். இன்று தப்பிக்க வழியிருக்கவில்லை. வேட்டியை இரண்டு தடவை அலசிவிட்டு, பிழிய மறந்து கொடியில் போட்டேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் அந்தப் பள்ளியில் சேர்ந்தோம், நினைவிருக்கிறதா? கன்டோன்மென்ட்டில் அந்தப் பழைய பெண்கள் பள்ளி. நீ பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாய். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன், காவிரிப் பாலத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நெரிசலில் மாட்டி, பிரேயர் பெல்லுக்குப் பிறகு மூச்சு வாங்க ஓடி வருவேன். நீ சர்ச்சில் கோயர் வரிசையில் பாடிப் பழகியவள். நான் பாட்டு டீச்சரிடம் வர்ணம் வரைக்கும் வந்து கல்யாணத்தோடு நிறுத்தியவள். இருவரும் பிரெஞ்சு எம்.ஏ. இருவருமே அதுவரை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை.

அதற்கு அவசியமும் இருக்கவில்லை. நம் ஊரில் பிள்ளைகள் பிரெஞ்சு எடுப்பது பாரிஸுக்குப் போகவா? பிளஸ் டூவில் மொழிப் பாடத்தில் சென்டம் வாங்கத்தான். தமிழ் எடுத்தால் அரை மார்க், ஒரு மார்க் என்று உதிரும். பிரெஞ்சு என்றால் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும். வாயைத் திறக்கவே வேண்டாம். நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. என் நோட்ஸைப் படித்தவள் சென்டம் வாங்காமல் வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உனக்கு அது பிடிக்கவில்லை. "ஊமைப் பாஷை சொல்லிக்கொடுக்கவாடி ரெண்டு பேரும் எம்.ஏ. படிச்சோம்?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைப் பிரின்சிபாலிடம் கெஞ்சி வாங்கினாய். பிள்ளைகள் உன்னைப் 'பாட்டு மிஸ்' என்றார்கள். என்னை 'மார்க் மிஸ்' என்றார்கள். அது எனக்குப் பட்டமாகத்தான் தோன்றியது.

உன் வகுப்பை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். மூக்கால் வரவேண்டிய ஒலிக்கு எல்லாரையும் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாய். விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொல்வாய். தொண்டையிலிருந்து வருகிற அவர்களுடைய 'ர'வுக்கு, வாட்டர் பாட்டிலில் இருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்க வைப்பாய். ஐம்பது பெண்கள் சேர்ந்து கொப்பளிக்கிற சத்தம் பக்கத்து வகுப்பு கணக்கு மிஸ்ஸைப் பைத்தியமாக்கும். ஆனால் தமிழிலேயே வாய் திறக்காத பெண்கள் உன் வகுப்பில் பாடினார்கள். உப்பிலியபுரத்திலிருந்து ஹாஸ்டலில் வந்து சேர்ந்தாளே, சரண்யா, வெங்காயம் போடுகிற குடும்பத்துப் பெண். ஒரு வருஷம் என் வகுப்பில் தலையை ஆட்டுவதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. உன்னிடம் வந்தவுடன் முதல் வரிசையில் நின்று பாடினாள். எனக்கு அப்போதே கொஞ்சம் பொறாமை இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாட்டு உன் சித்தப்பாவின் கேசட்டில் இருந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர், அந்த நாட்டில் இருந்தபோது ரேடியோவில் வந்ததையெல்லாம் பிடித்து வைத்திருந்தார். செய்தி பாதி, மழை அறிவிப்பு பாதி, நடுவே பாட்டு. நீ ஸ்டாஃப் ரூமில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, "இதைக் கேளுடி, இதைக் கேளு" என்று ஓடவிட்டாய். ஒரு குழந்தை பாடுகிறது. அம்மா, இன்று ஞாயிறு, மணி அடிக்கிறது. மேசை விரிப்பு வெள்ளை, ஜன்னல் வெயிலும் வெள்ளை. நேற்றுச் சிந்திய ஒயின், அது எங்கே போயிற்று அம்மா? அதை எடுத்துப் போனது யார், யார்? அந்த 'யார்' என்ற சொல்லோடு டேப் முடிந்துவிடும். மறுபக்கத்தைத் திருப்பினால் குதிரைப் பந்தயச் செய்தி.

உனக்கு அது முதல் தடவையிலேயே சர்ச் பூசையாகக் கேட்டது. ஞாயிறு, மணி, வெள்ளை விரிப்பு, ஒயின். "பீடம்டி. பீடத்துத் துணி. குழந்தைக்குப் புரியலை, கேக்குது" என்று உனக்குக் கண் கலங்கியது. நான் விடுவேனா? "மெட்டைப் பாரு, சுத்தமான சங்கராபரணம்" என்று ஆரம்பித்தேன்.

"வெள்ளைக்காரன் தும்மினாலும் உனக்கு சங்கராபரணம்தான்" என்றாய்.

"சிரிக்காதே. இது நாட்டுப்பாடல். பிரான்சுல நார்மண்டிப் பக்கம் விவசாயிகள் பாடினது."

"எங்கடி படிச்ச?"

"படிக்கணுமா? கேட்டாலே தெரியலையா? நேத்து இருந்தது இன்னிக்கு இல்லை. நிலையாமை. எடுத்துப் போனது யார்னு கேட்டுட்டுப் பதில் சொல்லாம நிக்கறது பாரு, அதுதான் அழகு. பதில், காலம்."

நீ புருவத்தை ஒருமுறை தூக்கினாய். அவ்வளவுதான். என்னோடு வாதம் செய்து நீ ஜெயித்ததில்லை. உன்னிடம் நியாயம் இல்லாமல் இல்லை, நான் மூச்சு விட இடம் கொடுக்கமாட்டேன்.

அந்த வருஷ ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, இது நார்மண்டி விவசாயிகளின் பழம்பாடல், நிலையாமையைப் பேசுவது என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த விருந்தினர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அடுத்த வருஷம் அறிவிப்பு இன்னும் நீண்டது. பிறகு என் நோட்ஸிலும் ஏற்றினேன். 'பிரெஞ்சுக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை' என்று ஐந்து மார்க் கட்டுரைக்கு அந்தப் பாட்டை மேற்கோளாகப் போட்டால் பேப்பர் திருத்துகிறவர் அசந்துபோவார் என்று எழுதினேன். அந்த நோட்ஸ் தில்லை நகர், தென்னூர் டியூஷன் சென்டர்களுக்கெல்லாம் ஜெராக்ஸாகப் போயிற்று. பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் வேறொரு பள்ளிப் பிள்ளைகள் அதே பாட்டைப் பாடி, என் வாக்கியங்களையே ஒப்பித்துப் பரிசு வாங்கினார்கள். நான் கோபப்படுவேன் என்று நினைத்தாய். நான் பூரித்துப்போனேன். திருச்சிக்கு ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலைக் கொடுத்தவள் நான்தானே!

பிள்ளைகள் அதை 'மேசை விரிப்புப் பாட்டு' என்பார்கள். பேருந்தில், கேன்டீனில், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கீழே பழைய மாணவி யாராவது கையில் குழந்தையோடு வந்தால்கூட, என்னைப் பார்த்ததும் அதைத்தான் முணுமுணுப்பாள். பிளஸ் டூவில் படித்த வேறு எதுவும் அவர்கள் வாயில் ஒட்டவில்லை. இது ஒன்றுதான் ஒட்டியது.

கடைசி இரண்டு வருஷமாக உன் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கூடிப்போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பாடுவீர்கள். பாட்டு முடிகிற இடத்தில் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பார்கள். ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். ஐம்பது பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நீ கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்துக்கொண்டிருந்தாய், உன் தோள் குலுங்கியது.

"பாட்டு கிளாஸா, காந்தி மார்க்கெட்டா?" என்றேன்.

"குழந்தைங்க சிரிச்சா சிரிக்கட்டும் விடுடி" என்றாய், திரும்பாமலே.

"அது சிரிக்கற பாட்டு இல்லை. உனக்கே தெரியும்."

"ம்" என்றாய்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கலாம். ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அன்றைக்கு நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னவோ சொல்ல வருகிறவள் போல இருந்தது. நான் உன் வகுப்பின் ஒழுங்கைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன். நீ உன் டப்பாவிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து என் தயிர்சாதத்தின் மேல் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாய்.

அப்புறம் உனக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் போர்ஷன் எவ்வளவு முடிந்தது என்றுதான் நான் சொன்னேன். நோயைப் பற்றிப் பேச எனக்குப் பயம். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஒரு தடவை மட்டும், "வெள்ளிக்கிழமை கிளாஸை விட்டுடாதடி, நீயே எடு" என்றாய். "எனக்கென்ன பாட்டா தெரியும்?" என்றேன். "வர்ணம் வரைக்கும் வந்தவதானே" என்று சிரித்தாய். அதுதான் நான் கேட்ட உன் கடைசிச் சிரிப்பு.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, மறுநாள் பள்ளி ஹாலில் கூட்டம். உன் படத்துக்கு மல்லிகையும் சம்பங்கியும். பழைய மாணவிகள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சரண்யா பிரான்சிலிருந்து லீவில் வந்தவள், தன் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஊர்க்காரர், நெட்டை மனிதர், வேட்டி கட்டி பெல்ட் போட்டிருந்தார். ஹாலில் ஒரு நிஜப் பிரெஞ்சுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்றதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது பார், அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை. உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆங்கிலத்தில் பாட்டைப் பற்றிப் பேசினேன். நார்மண்டி. விவசாயிகள். அறுவடை முடிந்த ஞாயிறு. நேற்று என்கிற கறை. எடுத்துப் போனது யார், யார்? "இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் நமக்குத் தெரிகிறது" என்று உன் படத்தைக் கையால் காட்டினேன். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, நம்பு. ஆனால் முன்வரிசையில் நின்ற நம் பிள்ளைகள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்கம் என்று நினைத்தேன்.

அவர்கள் பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள். டேப் நிற்கிற இடத்தில் நிற்காமல் ஒரு வரி மேலே போனார்கள். மெட்டு மேலே ஏறி, திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றினாற்போல் அடங்கியது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத வரி, அதில் எனக்குப் பிடிபடாத ஏதோ ஒரு பெயர். நீ சேர்த்திருப்பாய், எனக்குச் சொல்லாமல் பாட்டில் கை வைத்திருக்கிறாய் என்று அந்த இடத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

டீ கொடுக்கும்போது சரண்யாவின் கணவர் என்னைத் தேடி வந்தார். குனிந்து வணங்கி, எனக்காக நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் பேசினார். என் வாழ்நாளில் ஒரு பிரெஞ்சுக்காரர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. என் பேச்சை அவர் மிகவும் ரசித்தாராம். துக்கக் கூட்டத்தில் இப்படி ஒரு நகைச்சுவையைச் சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டுமாம். ஒரு சலவைத் தூள் விளம்பரத்துக்கு நார்மண்டியையும் தத்துவத்தையும் சேர்த்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் நான் சொன்னது அபாரமாம். அந்தத் தூள் இப்போது கடையில் இல்லை, ஆனால் அவர் அம்மா தலைமுறையில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கிடையாதாம். தோழி நிச்சயம் சிரித்திருப்பார், மதாம், என்றார்.

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. சலவைத் தூள் என்கிற சொல்லை நானே எத்தனை வருஷம் ஒரு மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன். வந்தது ஆங்கிலம். "தேங்க்யூ, தேங்க்யூ" என்றேன். சுற்றிலும் என் மாணவிகள். அத்தனை பேருக்கும் சென்டம் வாங்கிக் கொடுத்த மார்க் மிஸ்ஸுக்கு, ஒரு மனிதருக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்ல வரவில்லை.

சரண்யாவைக் கைப்பிடித்து ஸ்டாஃப் ரூமுக்கு இழுத்துப் போனேன். "என்னடி இது? உண்மையைச் சொல்லு."

அவள் முந்தானையைத் திருகினாள். "மிஸ், கல்யாணம் ஆன புதுசுல மாமியார் வீட்டுக் கிச்சன்ல நின்னு பாடினேன் மிஸ். எங்க மிஸ் சொல்லிக் கொடுத்த நாட்டுப்பாடல்னு பெருமையாப் பாடினேன். அவங்க பாத்திரம் கழுவிட்டே கடைசி வரியைப் பாடி முடிச்சிட்டாங்க. சோப்புத் தூள் பேரு வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னிக்கே பாட்டு மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சாங்க மிஸ். இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. பீடத்துத் துணின்னு நான் அழுதேனேடின்னாங்க. அப்புறம் கடைசி வரியை எழுதிக்கிட்டாங்க."

"பிள்ளைங்களுக்கும் சொல்லிட்டாளா?"

"அடுத்த வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களாம். அதுக்கப்புறம் எல்லாருக்கும் தெரியும் மிஸ்."

"எனக்கு மட்டும் தெரியாது."

சரண்யா தரையைப் பார்த்தாள். "நாந்தான் கேட்டேன், உங்ககிட்ட சொல்லலையா மிஸ்னு. 'அவ அதை எவ்ளோ அழகா விளக்குறா, நானா போய் எப்படிச் சொல்றது. ஏன் சிரிக்கிறீங்கன்னு ஒருநாள் கேப்பா. கேட்டா சொல்லிடுவேன்'னாங்க."

கேட்டா சொல்லிடுவேன். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாளாக பஸ்ஸில் போய் வருகிறேன். பாலத்தில் பஸ் நிற்கும்போது ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், யாராவது பழைய மாணவி ஏறிவிடுவாளோ என்று. சோப்பு விளம்பரத்தை நாட்டுப்பாடல் என்று நம்பியது ஒன்றும் பெரிய குற்றமில்லை, நீயும்தான் நம்பினாய். நீ சிரித்துவிட்டு மறுவாரமே பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிவிட்டாய். நானாக இருந்தால் அந்தக் கேசட்டைக் காவிரியில் எறிந்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருப்பது வேறு. என்னைச் சுற்றி அத்தனை பேரும், பதினேழு வயதுப் பிள்ளைகள் உட்பட, என் மனம் நோகக்கூடாது என்று இரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஊமைப் பாஷை சொல்லிக்கொடுக்கிறேன் என்றாயே, அந்த ஊமைகளுக்குள் உன்னையும் சேர்த்துவிட்டேன். என்னிடம் ஒரு சிரிப்பான விஷயத்தைச் சொல்ல உன்னாலேயே முடியவில்லை என்றால் நான் எப்படிப்பட்ட சிநேகிதி?

உன் மேல் கோபமும் வந்தது. மறைக்கமாட்டேன். டிபன் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் உன் உருளைக்கிழங்குக்காக வந்திருப்பேன். இப்போது கத்தவும் ஆள் இல்லை.

இன்று கடைசிப் பீரியட் பெல் அடித்தது. உன் வகுப்புக் கதவைத் தள்ளினேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு சத்தமில்லை. என்னைப் பார்த்தால் அவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்பது இன்றுதான் எனக்குக் கண்ணில் பட்டது. கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன். காது சூடாகிவிட்டது. சொல்ல நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்குக் கடைசி வரி தெரியாது" என்றேன். "யாராவது சொல்லித்தர்றீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் இருந்தவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று நான் எப்போதும் அடக்குகிற அந்த ஃபாத்திமாதான், எழுந்தாள். "மிஸ், அது சோப்பு..."

"தெரியும். பாடு."

அவள் பாடினாள். அதை எடுத்துப் போனது யார், யார் என்று கேட்டுவிட்டு, அந்தப் பழைய சோப்புத் தூளின் பெயர். அவ்வளவுதான் வரி. "கூட்டத்துல மட்டும்தான் அப்படிப் பாடினோம், கிளாஸ்ல நாங்க அப்படிப் பாடமாட்டோம் மிஸ்" என்றாள். "பாட்டு மிஸ் அந்தப் பேரை எடுத்துட்டாங்க. உன் வீட்டுல கறையைப் போக்குறது யாரோ அவங்க பேரைப் போடுன்னாங்க. நான் எங்கம்மா பேரைப் போடுவேன். இவ வாஷிங் மெஷின்னு போடுவா. அவளுக்கு அப்பாதான் துணி துவைப்பாரு, அதனால அவ அப்பா பேரு."

"உங்க மிஸ் யார் பேரைப் போடுவா?"

வகுப்பு முழுக்க உதட்டைக் கடித்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான அந்த உதட்டுக் கடி.

"கேட்டா சொல்லணும்" என்றேன்.

"உங்க பேரு மிஸ்" என்றாள் ஃபாத்திமா. "எங்க எல்லாரையும் வெளுத்து வாங்குறது நீங்கதானேன்னு பாட்டு மிஸ் சொல்வாங்க. அன்னிக்கு நீங்க கதவைத் திறந்தீங்களே, அப்பதான் உங்க பேரைப் பாடி முடிச்சோம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. வாட்டர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். பிள்ளைகள் நான் கொப்பளிக்கப் போகிறேன் என்று நினைத்து அவரவர் பாட்டிலைத் திறந்தார்கள். சரி என்று எல்லாரோடும் சேர்ந்து கொப்பளித்தேன். பக்கத்து வகுப்பில் கணக்கு மிஸ் சுவரைத் தட்டினாள்.

பிறகு பாடினோம். என் 'ர' இன்னும் ஸ்ரீரங்கத்து 'ர'தான். ஞாயிறு, மணி, வெள்ளை விரிப்பு, வெள்ளை வெயில். நேற்றுச் சிந்திய ஒயின், அது எங்கே போயிற்று அம்மா? அதை எடுத்துப் போனது யார், யார்? அந்த இடத்தில் பிள்ளைகள் நிறுத்திக்கொண்டு, நான் எந்தப் பெயரைச் சொல்லப்போகிறேன் என்று என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. உன் பெயரைப் பாடினேன். அது மெட்டுக்குள் அடங்கவில்லை. தாளம் முடிந்த பிறகும் ஓர் எழுத்து வெளியே நின்றது, நான் அதைத் தனியாக இழுத்துப் பாடவேண்டியிருந்தது.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் அதட்டவில்லை.